ஏழைத் திருப்பிப் பார்

மொகொட்லோங் மலையில் எங்கள் பள்ளி
இருட்டிய பிறகுதான் திறக்கும்.
மந்தையை அடைத்துவிட்டு வருகிறார்கள்,
கணுக்கால்வரை பனி, தோளில் கம்பளிப் போர்வை.
பாதிப் பேருக்கு என்னைவிட வயது கூட.
நாய்கள் வாசலுக்கு வெளியே படுத்துப் பாடம் கேட்கின்றன.

விளக்கடியில் நான்கு அட்டைகள் வைத்தேன்.
ஓ. எம். நான்கு. ஏழு.
"எழுத்தின் முதுகில் எண். எண்ணின் முதுகில் எழுத்து.
ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால்
மறுபக்கம் இரட்டைப்படை: இது விதி.
விதி பொய்யா என்றறிய
எவற்றைத் திருப்பினால் போதும்?"

ஓவையும் நான்கையும், என்றார்கள் ஒரே குரலில்.
மாசெருவில், கல்லூரியில்,
நானும் அதைத்தான் சொன்னேன்,
அதுவும் கையை உயர்த்தி, முதல் ஆளாக.
நான்கின் பின்னால் எது இருந்தாலும்
விதிக்கு வலிக்காது என்று விளக்கினேன்.
மூன்று தரம் விளக்கினேன்.
மூன்றாவது தரம் எனக்கே விளங்கவில்லை.

பொட்லாகோ அட்டைகளை ஓரமாகத் தள்ளினான்.
"டீச்சர், காதில் நீல வில்லை போட்ட ஆடெல்லாம்
மருந்துத் தொட்டியில் முங்கிய ஆடு என்கிறான் தரகன்.
அவனை நான் நம்பவில்லை.
வில்லை போட்ட ஆட்டைப் பிடித்து விசாரிப்பேன்.
பிறகு, சொறி பிடித்துச் சுவரில் தேய்க்கிறதே,
தொட்டியையே பார்க்காத ஆடு,
அதன் காதைத் தடவிப் பார்ப்பேன்.
அங்கே வில்லை இருந்தால் தரகன் அகப்பட்டான்.
மற்றவை தூங்கட்டும்."

அறை சிரித்தது. "அப்போ அந்தச் சொறியாடுதான் ஏழு!"
யார் சொன்னதென்று தெரியவில்லை.
கரும்பலகையில் எழுத எனக்கு எதுவும் மிச்சமில்லை.

வியாழக்கிழமை செகாகே வரவில்லை.
மொஹாபியின் இரண்டு செம்மறிகளையும் காணவில்லை.
"திருடன் சாம்பல் போர்வை போர்த்தியிருந்தான்,
என் தம்பி பார்த்தான்.
செகாகேயின் போர்வை சாம்பல்.
நேற்று இரும்புக்கடையில் சீனி வாங்கினானாம்,
அவனிடம் ஏது காசு?
நெருப்பில்லாமல் புகையுமா?"

நானும் தலையாட்டினேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.
ஆட்டினேன்.

அடுப்பில் சாணவரட்டி கண்ணைக் கரித்தது.
கடைசி வரிசையில் லெபாகா, மீசை முளைக்காத பையன்,
எழுந்திருக்காமலேயே கேட்டான்:
"இதில் எது சொறியாடு?"

யாரும் பேசவில்லை. அவனே தொடர்ந்தான்.
"சாம்பல் போர்வை இருந்தும்
ஆடு திருடாத ஒருவரைத் தேட வேண்டும்."
தேடினான். அவன் பார்வை என் தோளில் வந்து நின்றது.
பேருந்து நிலையத்தில் பேரம் பேசி வாங்கியது,
சாம்பல்.
எண்ணினோம். பதினோரு பேரில் ஆறு.

"அப்படியென்றால் அவன் திருடவில்லையா?"
மொஹாபி மேசையைக் குத்தினான்.
"அதையும் யாரும் சொல்லவில்லை," என்றான் பொட்லாகோ.
"உன் பேச்சுதான் விழுந்தது.
செகாகே விழவுமில்லை, எழவுமில்லை.
வா, பட்டிக்குப் போய்க் குளம்புத் தடம் பார்ப்போம்,
பனி மூடுவதற்குள்."

லாந்தரை எடுத்துக்கொண்டு எல்லோரும் போனார்கள்,
நாய்கள் முன்னால்.
பாடவேளை முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.
தடம் எந்தப் பக்கம் போனதோ, நான் பார்க்கவில்லை.

மேசைக்கடியில் ஓர் அட்டை கிடந்தது.
ஏழு. ஈரமான நாய்ப்பாதம் ஒன்று அதன்மேல்.
எடுத்துத் திருப்பினேன்.

பின்பக்கம் வெறுமை.
மற்ற மூன்றுக்கும் மறுபக்கம் எழுதியிருந்தேன்.
இதை யாரும் திருப்பமாட்டார்கள் என்று
அன்று மாலையே,
பாடம் தொடங்கும் முன்பே,
முடிவு செய்திருந்தேன் போலும்.